மெத்தனால் அலமாரிக்குப் பூட்டு இருக்கிறது, கண்டன்சருக்குத் தண்ணீர் இல்லை

தொண்டி முதல் சாயல்குடி வரை, பாலம் தாண்டி ராமேஸ்வரம் வரை, கடற்கரையோரம் கல்லூரி நடத்துகிற தாளாளர்களுக்கும் முதல்வர்களுக்கும் அறிவியல் துறைத்தலைவர்களுக்கும் வணக்கம்.

நான் ஓர் ஆய்வக உதவியாளர். மெத்தனால் வந்து இறங்கினால் எண்ணி வாங்குவதும், மாணவர்களுக்கு அளந்து ஊற்றிக் கொடுப்பதும், சிந்தினால் துடைப்பதும் என்னைப் போன்றவர்கள்தான். இந்த மாவட்டத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் வேலை பார்த்திருக்கிறேன். கீழே எழுதியிருப்பதில் எந்தக் கல்லூரியையும் குறிவைக்கவில்லை. குறிவைக்கத் தேவையில்லாத அளவுக்கு எல்லா இடத்திலும் ஒரே கதைதான்.

மெத்தனாலைப் பூட்டி வைப்பதில் நம்மை யாரும் குறை சொல்ல முடியாது. மெத்தில் ஆல்கஹால் என்கிற இந்த மெத்தனாலுக்கென்று தமிழ்நாட்டில் 1959-ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. உரிமம் வேண்டும், இருப்புப் பதிவேடு வேண்டும், அதிகாரி வந்து கேட்டால் கணக்குக் காட்ட வேண்டும். 2023 மே மாதம் மரக்காணம் பக்கமும் செங்கல்பட்டுப் பக்கமும் சாவு விழுந்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மட்டும் 60 பேருக்கு மேல் போய்ச் சேர்ந்தார்கள். இரண்டிலும் குடித்த சரக்கில் இருந்தது மெத்தனால். அதனால் பூட்டும் கணக்கும் நியாயம்தான். ஆனால் அந்தப் பூட்டும் பதிவேடும் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்கின்றன: யாராவது எடுத்துக்கொண்டு போய்க் குடித்துவிடுவார்களா? அலமாரியைத் திறந்து பாட்டிலை மேசைக்குக் கொண்டுவந்த நிமிடத்திலிருந்து தொடங்குகிற ஆபத்தை யாரும் கேட்பதில்லை. என் முறையீடு அதைப் பற்றியது.

நம் கடற்கரையில் மெத்தனால் ஏன் இவ்வளவு புழங்குகிறது என்பது உங்களுக்குத் தெரியும். பாசி. மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டைக்கோரை, பக்கோடாப் பாசி என்று மண்டபத்திலும் கீழக்கரையிலும் கிடைப்பதை எடுத்துவந்து, கழுவி, நிழலில் உலர்த்தி, பொடித்து, மெத்தனாலில் சாறு இறக்கி, அது எந்தக் கிருமியைக் கொல்கிறது என்று பார்ப்பது முதுகலை மாணவர்களின் திட்டக்கட்டுரைக்கு இங்கே பழகிப்போன தலைப்பு. எனக்கு அதில் வருத்தம் இல்லை. வீட்டில் பாசி எடுக்கிற அம்மாவுக்குப் பிறந்த பெண், அதே பாசியை ஆய்வகத்தில் வைத்துப் பார்ப்பது நல்ல விஷயம். வலமாவூரில் 127 கோடி ரூபாய்த் திட்டமாகக் கடற்பாசிப் பூங்கா வேறு அறிவித்திருக்கிறார்கள். பாசி வேலை இனிக் கூடுமே தவிர குறையாது, மெத்தனாலும் கூடத்தான் செய்யும்.

உங்களில் பலர் தமிழ், வணிகவியல், பொருளியல் துறைகளிலிருந்து முதல்வராக வந்தவர்கள். அதனால் சாறு இறக்கப் பயன்படுகிற சாக்ஸ்லெட் என்ற கண்ணாடிக் கருவி பற்றி இரண்டு வரி. கீழே ஓர் உருண்டைக் குடுவையில் மெத்தனால். அதன் அடியில் ஹீட்டிங் மேன்டில் என்கிற மின் அடுப்பு. நடுவில் பாசித்தூள் வைத்த உறை. மேலே கண்டன்சர். மெத்தனால் ஏறத்தாழ 65 டிகிரியில் கொதித்து ஆவியாகி மேலே போகும். கண்டன்சரைச் சுற்றி ஓடுகிற தண்ணீர் அதைக் குளிரவைத்துத் திரும்பத் துளித்துளியாகப் பாசித்தூளின் மேல் இறக்கும். இப்படியே மணிக்கணக்கில் ஓட வேண்டும். கண்டன்சரின் மேல்வாய் திறந்துதான் இருக்கும், அடைத்தால் குடுவை வெடித்துவிடும். ஆக, மெத்தனால் ஆவிக்கும் அறைக்கும் நடுவே இருக்கிற ஒரே தடுப்பு, அந்தக் குழாய்த் தண்ணீர்.

ராமநாதபுரம் மாவட்டத்தில் குழாய்த் தண்ணீரை நம்பி ஒரு வேலையைத் தொடங்குவதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு கல்லூரியில் சித்திரை வெயிலில் நடந்தது இது. மூன்று சாக்ஸ்லெட் ஓடிக்கொண்டிருந்தது. மதிய இடைவேளையில் மேல்தொட்டி காலியாகிவிட்டது. குழாயிலிருந்து வருகிற ரப்பர் டியூப் முதலில் கொஞ்சம் துடித்தது, பிறகு காற்றுச் சீறியது, அப்புறம் சத்தமே இல்லை. கண்டன்சருக்குள் முத்துமுத்தாக நிற்கிற துளிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. மேல்வாய்க்கு அருகே காற்று நெளிந்தது, தார் ரோட்டில் வெயில் நேரத்தில் தெரியுமே, அப்படி. மாணவிகள் இருவரும் சாப்பிடப் போயிருந்தார்கள். மேன்டில் தன் பாட்டுக்குச் சிவந்துகொண்டிருந்தது. நான் உள்ளே போய்க் கையை வைக்கவில்லை. வராந்தாவில் இருக்கிற மெயினை இறக்கிவிட்டு, கதவு ஜன்னல்களைத் திறந்து, எல்லாரையும் மாடிப்படி வரை விரட்டிவிட்டேன். எதுவும் பற்றவில்லை. மறுநாள் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள்: ‘உபயோகத்துக்குப் பின் குழாயை மூடவும்.’ தண்ணீர் வீணாகிறது என்று யாரோ புகார் சொல்லியிருந்தார்களாம்.

மின்வெட்டு இதைவிடப் பொல்லாதது. மின்சாரம் போனதும் பிள்ளைகள் இனி எப்போது வருமோ என்று குழாயை மூடிவிட்டு வெளியே போய்விடுவார்கள். மேன்டிலின் சுவிட்ச் போட்டபடியே இருக்கும். அரை மணி கழித்து மின்சாரம் வரும். மேன்டில் சூடாகும். தண்ணீர் ஓடாது. ஆளும் இருக்காது.

இதற்கு லட்சக்கணக்கில் செலவாகிற தீர்வும் உண்டு, நூற்றுக்கணக்கில் செலவாகிற தீர்வும் உண்டு. முதலாவதை நான் கேட்கவில்லை. ஏர் கூலரில் போடுகிற சின்ன மோட்டார் பம்ப் ஒன்று, ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டி, பாதித் தொட்டித் தண்ணீர், அதில் உடைத்த ஐஸ் பார். நம் ஊரில் மீனுக்கு ஐஸ் கிடைக்காத கரை உண்டா? பம்ப் அந்தத் தண்ணீரையே கண்டன்சருக்குள் சுற்றிச் சுற்றி அனுப்பும். பம்பையும் மேன்டிலையும் ஒரே பிளக் போர்டில், ஒரே சுவிட்சில் மாட்ட வேண்டும். மின்சாரம் போனால் இரண்டும் சேர்ந்து நிற்கும், வந்தால் சேர்ந்து ஓடும். தண்ணீரும் மிச்சம். பம்ப் சிக்கிக்கொள்ளலாம், டியூப் கழன்றுவிடலாம், ஆகவே ஆள் இல்லாமல் சாக்ஸ்லெட் ஓடக் கூடாது என்கிற விதி அப்போதும் மாறாது. ‘போய்ச் சாப்பிட்டுவிட்டு வா’ என்று சொல்கிற ஆசிரியர், ‘மேன்டிலை அணைத்துவிட்டுப் போ’ என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சாறு ஒரு மணி நேரம் தாமதமாக இறங்கினால் பாசி கோபித்துக்கொள்ளாது.

அடுத்தது பாட்டில். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன், ஏனென்றால் வேதியியல் படித்தவர்களே இதில் அசட்டையாக இருக்கிறார்கள்.

மெத்தனால் 11 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். நம் ஊரில் மார்கழி விடியற்காலையிலும் வெப்பமானி 11 பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. குளிர் நாட்டில் எழுதிய பாதுகாப்புக் குறிப்பில் ‘குளிர்ந்த அறையில் வைக்கவும்’ என்று இருக்கும். இங்கே ஸ்டோர் ரூம் என்பது பெரும்பாலும் மேல்மாடி, மேற்குச் சுவர், தகரக் கதவு. 20 டிகிரியில் விடுகிற ஆவியைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் 35 டிகிரியில் விடும். காற்றில் 6 முதல் 36 சதவீதம் வரை மெத்தனால் ஆவி கலந்திருந்தால் அது பற்றும். பாதி காலியான பாட்டிலுக்குள், திரவத்துக்கு மேலே இருக்கிற காலி இடத்தை எண்ணிப் பாருங்கள். பெட்ரோல் என்றால் அந்த இடத்தில் ஆவி அடர்த்தி மிஞ்சிப்போய், காற்று போதாமல், உள்ளுக்குள் பற்றாது. மெத்தனால் அப்படி இல்லை. ஏறத்தாழ 11 டிகிரியிலிருந்து 41 டிகிரி வரைக்கும் பாட்டிலுக்குள் இருக்கிற காற்றும் ஆவியும் சரியாகப் பற்றுகிற கலவையில் இருக்கும். ராமநாதபுரத்து வருஷம் முழுவதும் அந்த எல்லைக்குள்தான் அடங்குகிறது.

அதனால்தான் எரிகிற எதன் மேலும், எரிந்து அடங்கிய எதன் மேலும் பாட்டிலிலிருந்து மெத்தனால் ஊற்றக் கூடாது. ஊற்றும்போது தீ ஆவியைப் பிடித்துக்கொண்டு பாட்டிலுக்குள் ஓடும். உள்ளே பற்றி, திரவத்தையும் சேர்த்து வாய் வழியே பீய்ச்சி அடிக்கும். 2014 செப்டம்பரில் அமெரிக்காவின் டென்வர் நகரப் பள்ளி ஒன்றில், ஆசிரியர் 4 லிட்டர் பாட்டிலிலிருந்து இப்படித்தான் ஊற்றினார். நெருப்பு பத்தடிக்கு மேல் பாய்ந்து ஒரு மாணவரின் நெஞ்சில் போய் அடித்தது. அதே மாதம் ரீனோ நகர அருங்காட்சியகம் ஒன்றிலும் செய்முறை காட்டும்போது தீ பிடித்துப் பலர் காயம்பட்டார்கள். விபத்துகளை ஆராய்கிற அந்நாட்டு வேதியியல் பாதுகாப்பு வாரியம் அந்த ஆண்டே இதற்கென்று தனி எச்சரிக்கை வெளியிட்டது.

நமக்கு டென்வர் வரை போக வேண்டாம். நுண்ணுயிரியல் ஆய்வகத்து ஸ்பிரிட் விளக்கைப் பாருங்கள். ஸ்பிரிட் வாங்க அலைய வேண்டியிருக்கிறது என்று அதில் மெத்தனாலை ஊற்றுகிற வழக்கம் உண்டு. திரி அணைந்த மாதிரி இருக்கும், பெரிய பாட்டிலைச் சாய்த்து விளக்கை நிரப்புவார்கள். மெத்தனால் நெருப்பு மங்கிய நீலம், புகை இல்லை, கடற்கரை வெயில் ஜன்னல் வழியே விழுகிற மேசையில் அது கண்ணுக்கே தெரியாது. 1981 இண்டியானாபோலிஸ் கார் பந்தயத்தில் எரிபொருள் நிரப்பும்போது தீப்பிடித்து ரிக் மியர்ஸ் என்ற ஓட்டுநரும் பணியாளர்களும் உடம்பில் நெருப்போடு துள்ளினார்கள். சுற்றி நின்றவர்களுக்கு ஏன் துள்ளுகிறார்கள் என்று முதலில் புரியவில்லை, எரிந்தது மெத்தனால். விளக்குக்கு மெத்தனால் கூடாது. தேசிய அறிவியல் நாள் என்று பிப்ரவரி 28-இல் கண்காட்சி வைத்து, கிண்ணத்தில் மெத்தனால் ஊற்றிப் பச்சை நெருப்பு, சிவப்பு நெருப்பு காட்டுகிற வேலையும் அடியோடு கூடாது. அதே நிறத்தைப் பார்க்க வேண்டுமானால் ஐஸ் குச்சியை இரவு முழுக்க அந்த நிறத்தைத் தருகிற உலோக உப்பின் கரைசலில் ஊறவைத்து பர்னரில் காட்டினால் போதும். அதற்கும் பிள்ளைகள் கைதட்டுவார்கள்.

மாணவர் மேசைக்கு 2.5 லிட்டர் பாட்டில் போகவே கூடாது என்பது என் கோரிக்கை. ஸ்டோரில் வைத்து 250 மில்லி, 500 மில்லி பாட்டில்களில் பிரித்துக் கொடுப்போம். வேலை கூடும், அது எங்கள் வேலைதான், செய்கிறோம். பெரிய பாட்டில் தரையில் விழுந்து உடைந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 20 அடிக்கு 25 அடி, உயரம் 11 அடி உள்ள அறை. 2.5 லிட்டரும் ஆவியாகி அறை முழுவதும் பரவினால் காற்றில் பத்து லட்சத்துக்குப் பத்தாயிரம் பங்கு மெத்தனால். எட்டு மணி நேர வேலைக்கு அனுமதிக்கிற அளவு 200 பங்கு. 6,000 பங்கு என்பது உயிருக்கு உடனடி ஆபத்து என்று தொழிற்சுகாதாரத் துறையினர் வைத்திருக்கிற கோடு. மூக்கை நம்பவும் முடியாது. வாசனை தெரிவதற்குள் அனுமதித்த அளவை ஆவி தாண்டியிருக்கலாம்.

இதற்குக் கொரோனா காலத்து மாஸ்க்கைக் கட்டிக்கொண்டு வருகிறார்கள். அது தூசிக்கும் துளிக்கும். ஆவி அதன் வழியே தாராளமாகப் போகும். டப்பாவில் நூறு என்று வருகிற மெல்லிய நைட்ரைல் கையுறையும் அப்படித்தான், சில நிமிடங்களில் மெத்தனால் ஊடுருவிவிடும். நனைந்தால் உடனே கழற்றி எறிய வேண்டும். நனைந்த கையுறையோடு மணிக்கணக்கில் நிற்பதற்கு வெறுங்கையே மேல், காய்ந்தாவது போகும்.

தீயணைப்பான் பற்றி ஒரு வார்த்தை. உப்புக் காற்று எதையும் விட்டுவைக்காது. வராந்தாவில் மாட்டிய சிவப்பு உருளையின் அடி வளையம் துருப்பிடித்து உதிர்கிறது, பின் இழுத்தால் வராது, அழுத்தமானியின் கண்ணாடி பனிபடர்ந்து முள் எங்கே நிற்கிறது என்றே தெரியாது. ஆனால் ‘சரிபார்க்கப்பட்டது’ என்ற ஒட்டுத்தாள் புதிதாக இருக்கும். மெத்தனால் தீக்கு டி.சி.பி. எனப்படும் உலர்பொடி, கரியமில வாயு, ஆல்கஹாலைத் தாங்கும் நுரை ஆகியவை சரி. சாதாரண நுரை மெத்தனாலில் கரைந்து போகும். வாளித் தண்ணீரை விசிறி அடித்தால் எரிகிற மெத்தனால் தெறித்துப் பரவும், தண்ணீரோடு கலந்தும் எரியும். நாலில் ஒரு பங்கு மெத்தனால் இருந்தாலே, சூடு இருந்தால் பற்றும். எக்ஸாஸ்ட் ஃபேனின் நிலைமை இன்னும் மோசம். துருப்பிடித்த இறக்கை கூண்டில் உரசிப் பொறி கக்குகிறது. மெத்தனால் சிந்தியவுடன் நாம் ஓடிப்போய்ப் போடுகிற முதல் சுவிட்ச் அதுதான். போடக் கூடாது. அறைக்குள் எந்தச் சுவிட்சையும் தொடாமல், ஜன்னலைத் திறந்து, ஆட்களை வெளியேற்றி, வெளியே இருக்கிற மெயினை இறக்க வேண்டும். அந்த மெயின் பல கட்டடங்களில் ஆய்வகத்துக்கு உள்ளேயே, பீரோவுக்குப் பின்னால் இருக்கிறது. அதை வெளியே மாற்ற எலக்ட்ரீஷியனுக்கு ஒரு நாள் வேலை.

சிந்தியது கொஞ்சம் என்றால் உலர்ந்த மணல் போட்டு மூடி, அள்ளி, மூடியுள்ள இரும்பு வாளியில் வெளியே வைக்கலாம். மணலுக்கு நாம் எங்கும் போக வேண்டாம், காயவைத்தால் போதும். மரத்தூள் கூடாது. சிங்க்கில் கழுவி விடவும் கூடாது. ஆவி கழிவுக் குழாய்க்குள் தங்கி, கீழ்த்தளத்து அறையில் போய்ப் பற்றும்.

எனக்கு ராத்திரி தூக்கம் வராமல் செய்கிற விஷயம் தீ கூட இல்லை, தண்ணீர் பாட்டில். சாறு இறக்கி முடிந்ததும், சாற்றிலிருந்து மெத்தனாலை ஆவியாக்கிப் பிரிக்கிற ரோட்டரி எவாப்பரேட்டர் கருவியில் மீட்டெடுக்கிற மெத்தனாலை வீசி எறிய மனம் வராமல், காலியான குடிதண்ணீர் பாட்டிலில் பிடித்து, மார்க்கரில் ஓர் எழுத்துப் போட்டு மேசையின் அடியில் வைக்கிறார்கள். பார்க்கத் தண்ணீர்தான். மார்க்கர் எழுத்தை அந்த மெத்தனாலே அழித்துவிடும். 38 டிகிரி வெயிலில் வகுப்பு விட்டு ஓடி வருகிற பையன், கூட்டிப் பெருக்க வருகிற அக்கா, யார் கையிலும் அது சிக்கலாம். சுத்தமான மெத்தனால் 10 மில்லி, அதாவது இரண்டு டீஸ்பூன், பார்வையைப் பறிக்கப் போதுமானது. 30 மில்லி அளவில் உயிர் போயிருக்கிறது.

குடித்தவுடன் ஒன்றும் தெரியாது என்பதுதான் இதில் மோசம். லேசான தலைசுற்றல், கொஞ்சம் வயிற்றுப் புரட்டல், சரியாகிவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். உடம்புக்குள் கல்லீரல் மெத்தனாலை ஃபார்மால்டிஹைடாகவும், பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றிக்கொண்டிருக்கும். அந்த அமிலம்தான் ரத்தத்தைப் புளிக்கவைத்து, பார்வை நரம்பைத் தின்பது. பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் கழித்துத்தான் பார்வை மங்கும், பனிக்குள் பார்ப்பதுபோல் இருக்கிறது என்பார்கள், மூச்சு இரைக்கும். அப்போது பையன் கமுதியிலோ திருவாடானையிலோ ஒரு கிராமத்தில் படுத்திருப்பான். ‘வெயில் அடித்திருக்கும்’ என்று மோர் கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

ஆகவே குடித்ததாகச் சந்தேகம் வந்தாலே, பிள்ளை நன்றாக நடந்து பேசிக்கொண்டிருந்தாலும், மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும், வீட்டுக்கு இல்லை. வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. சாராயம் கொடுத்தால் முறியும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. சாராயத்தில் இருக்கிற எத்தனாலும் மெத்தனாலும் கல்லீரலில் ஒரே நொதிக்குப் போட்டி போடும் என்பதால் அந்தப் பேச்சில் ஒரு பொட்டு உண்மை இருக்கிறது. ஆனால் அது மருத்துவர் அளவு பார்த்து, ரத்தம் சோதித்துச் செய்கிற வைத்தியம். டாஸ்மாக்கிற்கு ஆள் அனுப்புகிற வேலை இல்லை. முறையான முறிமருந்து ஃபோமெபிசோல். கூடவே சோடியம் பைகார்பனேட், ஃபோலினிக் அமிலம், நிலைமை முற்றினால் டயாலிசிஸ்.

இங்கேதான் நிர்வாகத்திடம் எனக்குப் பெரிய கோரிக்கை. விபத்து நடந்த பிறகு எந்த மருத்துவமனை என்று யோசிக்கக் கூடாது. ராமநாதபுரத்தில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. உங்களில் ஒருவர் நேரில் போய், ஃபோமெபிசோல் கையிருப்பு உண்டா, இரவிலும் டயாலிசிஸ் கிடைக்குமா, இல்லையென்றால் மதுரைக்கு எப்படி அனுப்புவார்கள் என்று கேட்டு எழுதி வாங்கி வாருங்கள். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் 50 கிலோமீட்டருக்கு மேல், அங்கிருந்து மதுரை இன்னும் 100 கிலோமீட்டருக்கு மேல். ஆடி அமாவாசை, தை அமாவாசை அன்று பாம்பன் பாலத்தில் 108 வண்டி எவ்வளவு நேரம் நிற்கும் என்பது தீவில் கல்லூரி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். அந்த நாட்களில் மெத்தனால் வேலையே வைக்காதீர்கள். வண்டியில் கூடப் போகிறவர் ‘ஏதோ கெமிக்கல்’ என்று சொல்லக் கூடாது. மெத்தனால், இத்தனை மில்லி இருக்கும், இத்தனை மணிக்கு, வாய் வழியாகவா தோல் வழியாகவா என்று நாலும் சொல்ல வேண்டும். பாட்டில் லேபிளைப் படம் பிடித்துக் கொண்டுபோக வேண்டும். தில்லி எய்ம்ஸின் தேசிய நச்சுத் தகவல் மையம் 1800 116 117 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் பேசும். இதை ஆய்வகக் கதவில் பெரிதாகத் தமிழில் எழுதி வையுங்கள். கம்பெனி அனுப்புகிற பாதுகாப்புத் தகவல் தாள் பத்துப் பக்கம் ஆங்கிலத்தில் இருக்கிறது, அதை ஃபைலில் போட்டு ஆய்வுக் குழுவுக்குக் காட்டுகிறோம். சிந்தியதைத் துடைக்கிற அக்காவுக்கு அதில் ஒரு வரி பயன்படாது.

மேலே கொட்டிவிட்டால் 15 நிமிடம் ஓடுகிற தண்ணீர் வேண்டும். கண்ணில் பட்டாலும் அதே 15 நிமிடம். அவசரக் குளியல் குழாய் பல இடங்களில் இருக்கிறது, திருகினால் துருப்பொடி கொட்டுகிறது. காவிரிக் கூட்டுக் குடிநீர் எப்போது வரும் என்று பார்த்துக் குடம் வைக்கிற ஊரில், மேல்தொட்டியை நம்பி அந்தக் குழாயை வைத்ததே தவறு. ஆய்வகத்துக்கென்று தனியாக 200 லிட்டர் டிரம் ஒன்று, அடியில் பைப்பும் ஷவர் தலையும் போட்டு உயரத்தில் வைத்து, வாரம் ஒரு முறை தண்ணீர் மாற்றினால் போதும். உப்புத் தண்ணீரானாலும் பரவாயில்லை, கண்ணுக்கு மட்டும் நல்ல தண்ணீர் கேன் வேண்டும்.

இன்னொன்று, எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுத வேண்டும். மெத்தனாலில் நனைந்த உடையைக் கழற்றாவிட்டால் தோல் வழியாகவே விஷம் ஏறும், அடுத்த நிமிடம் தீப்பிடிக்கவும் செய்யும். நம் பெண்பிள்ளைகள் ஆண்கள் நிற்கிற ஆய்வகத்தில் துப்பட்டாவைக்கூட எடுக்க மாட்டார்கள், ‘ஒண்ணும் ஆகலை சார்’ என்று சொல்லிவிட்டு ஈரத்தோடு பஸ் ஏறிவிடுவார்கள். ஒரு மறைப்புத் திரை, இரண்டு நைட்டி, இரண்டு துண்டு, இவற்றை ஒரு பெட்டியில் போட்டு அந்த டிரம் பக்கத்தில் வையுங்கள். ஆயிரம் ரூபாய்க்குள் முடியும். பாலியஸ்டர் லேப் கோட்டை நிறுத்திவிட்டுப் பருத்திக் கோட் என்று சீருடை விதியில் ஒரு சொல்லை மாற்றுங்கள், பாலியஸ்டர் எரிந்தால் உருகித் தோலோடு ஒட்டும்.

மெத்தனால் இல்லாமலேயே செய்யக்கூடிய வேலைகளும் உண்டு. பாசியிலிருந்து அகர் எடுக்கத் தண்ணீர் போதும். பல சாறுகளுக்கு எத்தனாலும் தண்ணீரும் கலந்த கலவையே போதும், அதுவும் தீப்பற்றும், ஆனால் கண்ணைப் பறிக்காது. எத்தனாலுக்கு அனுமதி வாங்குவதற்குப் பெரிய அலைச்சல் என்று தட்டிக் கழிக்கிறோம். நச்சுக் குறைந்ததை வாங்கக் கூடுதல் அலைச்சல் என்பதால் நச்சுக் கூடியதைப் பிள்ளைகள் கையில் கொடுக்கிற நிலை எனக்கு விளங்கவில்லை. மாவட்டத்துக் கல்லூரிகள் எல்லாம் சேர்ந்து ஒரே மனுவாக ஆட்சியரிடம் கொடுத்தால் இந்தச் சிக்கல் தீர வழி உண்டு. முதுகலைத் திட்டக்கட்டுரைத் தலைப்புகளை ஒப்புக்கொள்கிற கூட்டத்தில், ‘இதற்கு மெத்தனால்தான் வேண்டுமா?’ என்று துறைத்தலைவர் ஒரு கேள்வி கேட்டாலே பாதிப் பாட்டில் குறையும்.

கடைசியாக, இந்த வேலையைச் செய்கிறவர்களைப் பற்றி. ஆய்வக உதவியாளர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தத்தில் இருக்கிறோம். பயிற்சி என்று வந்தால் பேராசிரியர்கள் சான்றிதழோடு திரும்புகிறார்கள், பாட்டிலைத் தூக்குகிறவனுக்கு அழைப்பு வராது. ஜூனில் கல்லூரி திறக்கும் முன் ஒரு நாள் ஒதுக்கித் தீயணைப்பு நிலையத்தாரை வரவழையுங்கள், கூட்டிப் பெருக்குகிறவர்கள், காவலாளி, கல்லூரி பஸ் ஓட்டுநர் உட்பட எல்லாரும் அன்று இருக்க வேண்டும். உலர்பொடி உருளையை நாங்கள் ஒரு முறையாவது கையில் பிடித்து அழுத்திப் பார்க்க வேண்டும். பம்ப், டிரம், திரை, சின்னப் பாட்டில்கள், மெயினை வெளியே மாற்றுவது எல்லாம் சேர்த்துச் செலவுப் பட்டியல் தயாராக வைத்திருக்கிறேன். கேட்கிற கல்லூரிக்கு அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஆய்வக உதவியாளர்,
ராமநாதபுரம் மாவட்டம்.

நகல்: மாவட்ட ஆட்சியர் அலுவலகம், மாவட்டத் தீயணைப்பு அலுவலர், கல்லூரிக் கல்வி இணை இயக்குநர் ஆகியோரின் பார்வைக்கு.